டாப் ஸ்டேஷன் கயிறும் ஈயத் தொட்டியும்

பழனியில் வருடா வருடம் ரோப்காரைச் சில வாரங்கள் நிறுத்தி வைப்பார்கள். "வருடாந்திரப் பராமரிப்புப் பணி" என்று பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும். ஊரில் இருந்தவரை நானும் அதைப் படித்துவிட்டு, சரி, விஞ்சில் போய்க்கலாம் என்று விட்டுவிடுவேன். இப்போது கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஊர்ப் பேப்பரை நெட்டில் வரி விடாமல் படிக்கிறேன் இல்லையா, இந்த முறை அந்தச் செய்தி கொஞ்ச நேரம் என்னை உட்கார வைத்துவிட்டது. விஞ்சு 1966-ல் வந்தது, ரோப்கார் 2004-ல். இரண்டுக்கும் உயிர் ஒரே பொருளில் இருக்கிறது: எஃகுக் கம்பிக் கயிறு. நூற்றுக்கணக்கான பேர் தினமும் அதை நம்பி ஏறுகிறார்கள். அந்தக் கம்பிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்டதில்லை. கேட்காததால் ஒரு முறை பெரிய தப்பு நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எங்கள் ஊர்க் கயிற்றிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் போடி. மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம், மூணாறு. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடம் அந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. தேயிலை நன்றாக விளைந்தது. விளைந்ததைக் கப்பலுக்குக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் பிரச்சினை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே மலை சட்டென்று முடிந்து, கீழே கொட்டகுடி தெரியும். கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான், ஆனால் மாட்டுவண்டி இறங்க முடியாது.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு வண்டிப்பாதை வெட்டி, அதில் ஒற்றைத் தண்டவாள மோனோ ரயில் போட்டார்கள். யூயிங் முறை என்று பெயர். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துச் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுப்பது மாடு. (இதே முறையில் பட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய மோனோ ரயிலை டில்லி ரயில் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.) 1908-ல் மோனோ ரயிலை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதையில் குட்டி ரயில் விட்டார்கள். அதுதான் குண்டளை வேலி ரயில்.

ரயில் டாப் ஸ்டேஷனோடு சரி. அங்கிருந்து கொட்டகுடிக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர், அந்தரத்தில் கம்பிக் கயிறு. தேயிலைப் பெட்டிகள் கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கும். மேலே டாப் ஸ்டேஷன் என்பதால் கொட்டகுடிக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயரே வந்துவிட்டது. அங்கிருந்து போடிக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டி. போடிக்கு ரயில் 1928-ல்தான் வந்தது என்பதால் அதற்கு முன்னால் போடியைத் தாண்டியும் மாட்டுவண்டிதான்.

அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் எங்கள் அப்பாவின் தாத்தா. எங்கள் அப்பத்தா சொல்லும்: "கம்பியில தேயில எறங்கும், அரிசி ஏறும். மனுசன் மட்டும் நடந்துதேன் ஏறணும்." எஸ்டேட் வேலைக்குக் கங்காணியோடு போன நம்ம ஜனம் கயிற்றுக்குக் கீழேயே ஒற்றையடிப் பாதையில் மூட்டை முடிச்சோடு ஏறிப்போனது. தலைக்கு மேலே தேயிலைப் பெட்டி சத்தமில்லாமல் போகும். சின்ன வயதில் இதைக் கேட்கும்போது எனக்கு ஒரே சந்தேகம்தான்: "கம்பி அத்துப்போகாதா அப்பத்தா?" அப்பத்தாவிடம் பதில் இல்லை. எனக்குப் பதில் கிடைக்க முப்பது வருடம் ஆயிற்று.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம் (காமர்ஸ்காரன் வேறென்ன செய்வான்!). சாதாரண மென்மையான இரும்புக் கம்பி, ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவு இருந்தால் ஏறக்குறைய 40 கிலோ தாங்கும். அதே கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்கு 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான எடை. ஆக, ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்செங்குத்தாகத் தொங்கவிட்டால், எந்தச் சுமையும் இல்லாமல், தன் எடையாலேயே அறுந்துவிடும். ரோப்வேயில் நடுநடுவே தூண்கள் தாங்கும், நேராகத் தொங்காது, அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அப்படிப்பட்ட கம்பியை வைத்துக்கொண்டு மலையிலிருந்து சுமை இறக்கும் தொழிலை நடத்த முடியாது என்பது புரியும். நல்ல கயிற்றுக் கம்பியோ ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 160, 180 கிலோ வரை தாங்குகிறது. இரண்டும் இரும்புதான். ஆனால் பலம் நாலு மடங்கு. இந்த நாலு மடங்கு உலையில்தான் பிறக்கிறது.

கம்பிக் கயிற்றின் கதை ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் தொடங்குகிறது. அங்கே சுரங்க நிர்வாக அதிகாரியாக இருந்தவர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். சட்டம் படித்தவர் (இது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்!). சுரங்கத்தில் பாரம் தூக்கிய சணல் கயிறு இற்றுப்போகும், சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போச்சு. 1834-ல் இவர் மூன்றரை மில்லிமீட்டர் இரும்புக் கம்பிகளை நாலு நாலாக முறுக்கி, அப்படி மூன்று புரிகளைச் சேர்த்துக் கயிறு செய்தார். கம்பிக் கயிற்றின் பெரிய வசதி இதுதான்: ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும், அறுந்தது வெளியே தெரியும், எச்சரிக்கை கிடைக்கும். பழனியில் நிறுத்தி வைத்துப் பார்ப்பதும் இதைத்தான்.

ஆனால் ஆல்பர்ட் பயன்படுத்தியது சாதாரண இரும்புக் கம்பி. எஃகுக் கம்பி பலமாக இருக்குமே, ஏன் பயன்படுத்தவில்லை? அங்கேதான் சிக்கல். கம்பி செய்வதென்றால், தடியான கம்பியை டை என்ற துளை வழியாக இழுத்து மெலிதாக்குவது. இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள், முதலில் இளகும், பிறகு இறுகும், பிறகு பட்டென்று ஒடியும். அதே கதைதான் டையிலும். ஒடியாமல் மேலும் இழுக்க வேண்டுமென்றால் சூடாக்கி மெதுவாக ஆறவிட வேண்டும். அதற்கு அனீலிங் என்று பெயர். சூடாக்கினால் இறுக்கம் போய்விடும், அதோடு பலமும் போய்விடும். பலமான எஃகை இழுக்க முடியவில்லை, இழுக்க முடிந்தது பலமாக இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால். 1854-ல் கம்பியைப் பதப்படுத்தும் முறை ஒன்றுக்கு அவர் பேட்டண்ட் வாங்கினார். தொழிலில் அந்த முறைக்கே "பேட்டண்டிங்" என்று பெயர் நிலைத்துவிட்டது. பேட்டண்ட் காலாவதியாகி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. பியானோக் கம்பி செய்துகொண்டிருந்த வெப்ஸ்டர் கம்பெனியோடு அவர் சேர்ந்தார். வெப்ஸ்டர் அண்ட் ஹார்ஸ்ஃபால் ஆலைதான் 1866-ல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கேபிளுக்குக் கவசக் கம்பி கொடுத்தது. மொத்தம் 30,000 மைல் நீளக் கம்பி!

அந்த முறையில் என்ன விசேஷம்? கார்பன் அதிகமுள்ள எஃகுக் கம்பியை 900 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறோம் என்று வையுங்கள். அதை ஆற வைக்க மூன்று வழி உண்டு.

ஒன்று, உலையிலேயே மெதுவாக, மணிக்கணக்கில் ஆறவிடுவது. கம்பி மென்மையாகிவிடும்.

இரண்டு, தண்ணீரில் முக்குவது. கண்ணாடி மாதிரி ஆகிவிடும், வளைத்தால் உடையும்.

மூன்று, 550 டிகிரிக்கு அருகில் உள்ள ஏதாவது ஒன்றில் சட்டென்று இறக்கி, அந்தச் சூட்டிலேயே சில நொடிகள் பிடித்து வைத்து, பிறகு ஆறவிடுவது. உருகிய ஈயம் இதற்கு அருமையாகப் பொருந்தியது. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், 550-ல் அமைதியாக இருக்கும், கம்பியின் சூட்டை மளமளவென்று வாங்கிக்கொள்ளும். இப்படி ஆறிய எஃகுக்குள் இரும்பும் கார்பைடும் மிக மெல்லிய அடுக்கடுக்காக உட்காரும். எங்கள் பக்கத்துப் பரோட்டா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் :-) மெதுவாக ஆறினால் அடுக்கு தடிமன். ஈயத்தில் ஆறினால் மெல்லிசு. இந்த மெல்லிய அடுக்குள்ள கம்பியைக் குறுக்களவில் எண்பது சதவீதம் குறையும் வரைகூட இழுக்கலாம். இழுக்க இழுக்கப் பலம் ஏறும், ஒடியாது. கயிற்றுக் கம்பியின் ரகசியம் இவ்வளவுதான்.

இப்போது உலைகளின் வகை தானாகவே புரியும். எந்தக் கம்பி வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் உலை.

கட்டட வேலைக்குக் கட்டுக்கம்பி வேண்டுமா? காயில் காயிலாகக் கம்பியைப் பெரிய இரும்புப் பானையில் அடுக்கி, மூடி, தரையில் தோண்டிய குழி உலையில் இறக்கி, 700 டிகிரி சுற்றளவில் மணிக்கணக்கில் வைத்து மெதுவாக ஆற வைப்பார்கள். இது குழி உலை. இதையே தரைக்கு மேலே, அடுக்கிய காயில்கள்மேல் மணி மாதிரி உலையைக் கிரேனால் கவிழ்த்து மூடிச் செய்தால் மணி உலை. கம்பி கறுக்காமல் பளபளவென்று வர வேண்டுமென்றால் உள்ளே நைட்ரஜன், ஹைட்ரஜன் வாயு விடுவார்கள். இரண்டிலும் நிறைய சரக்கு ஒரே ஈட்டில் வெந்துவிடும். ஆனால் வெளியே வருவது மென்மையான கம்பி.

கயிற்றுக்கு வேண்டுமென்றால் காயிலாகப் போட முடியாது. உள்சுற்று ஒரு மாதிரி ஆறும், வெளிச்சுற்று வேறு மாதிரி ஆறும். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனி இழையாக, இருபது முப்பது இழைகள் பக்கம் பக்கமாக, நீளமான உலைக்குள் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு ஈயத் தொட்டிக்குள் போக வேண்டும். இது தொடர் உலை. இப்படி நிற்காமல் கம்பியை ஓடவிட்டுப் பதப்படுத்தி, நாகம் பூசும் வேலையை 1860 வாக்கில் மான்செஸ்டரில் ஜார்ஜ் பெட்சன் செய்து காட்டினார். நம் வேலிக்கு வாங்கும் ஜிஐ கம்பி இன்றும் அந்த வழியில்தான் வருகிறது: உலை, அமிலத் தொட்டி, பிறகு 450 டிகிரியில் உருகிய நாகம்.

ஸ்பிரிங் கம்பிக்கு வேறு வரிசை: சூடாக்கி, எண்ணெயில் முக்கி, மறுபடி குறைந்த சூட்டில் பக்குவப்படுத்துவது. 1960களில் கனடாவில் ஸ்டெல்மோர் என்ற முறை வந்தது. உருட்டாலையிலிருந்து செக்கச்செவேலென்று வெளிவரும் கம்பியை வளையம் வளையமாகப் பரப்பி, கீழிருந்து ஃபேன் காற்று அடித்து அங்கேயே ஆற வைப்பது. இதனால் ஈயத் தொட்டியின் வேலை பாதி குறைந்தது. ஈயத்துக்குப் பதில், காற்று ஊதிக் கொதிக்கிற மாதிரி புரளும் மணல் படுக்கையும் இப்போது உண்டு.

ஏன் ஈயத்தை விட்டு ஓடப் பார்க்கிறார்கள்? ஈயம் விஷம். தொட்டியின் மேல் கரித்தூள் பரப்பி மூடி வைப்பார்கள். அப்படியும் தூளும் புகையும் மூச்சில் போகும், உடுப்பில் ஒட்டி வீட்டுக்கும் வரும், குழந்தையின் ரத்தத்திலும் ஏறும். பேட்டண்டிங் ஓடிய இந்த நூற்றைம்பது வருடத்தில் ஈயத் தொட்டி ஓரம் நின்றவர்களுக்கு எந்தப் பேட்டண்டும் கிடைக்கவில்லை.

இப்போது டாப் ஸ்டேஷனுக்குத் திரும்புகிறேன். அங்கே கயிறு கட்டிய காலத்தில் நம் நாட்டில் இந்த மாதிரிக் கயிறு செய்யும் ஆலை கிடையாது. கயிறு கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். ராஞ்சியில் உஷா மார்ட்டின் ஆலை வந்ததெல்லாம் 1960 வாக்கில்தான். இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே அகழாய்வில் இரும்பு, எஃகு உலைகள் கிடைத்திருக்கின்றன. சேர நாட்டுத் துறைமுகத்திலிருந்து கணவாய் வழியாகக் கரூருக்குப் போகும் பழைய வணிகப் பாதை அது. ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் எஃகு செய்த பக்கத்து ஊருக்கு, கம்பிக் கயிறு சீமையிலிருந்து வருகிறது. எஃகு செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது போல. மைல் கணக்கில், முதல் அடியும் கடைசி அடியும் ஒரே பதத்தில் ஆறிய கம்பி வேண்டும். அதற்குத் தொடர் உலை வேண்டும், அதற்குப் பின்னால் முதலீடும் சுரங்கமும் கப்பலும் வேண்டும்.

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-ல் வந்த பெருவெள்ளம் குண்டளை ரயிலை வாரிக்கொண்டு போய்விட்டது. கேரளத்தில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள். ரயிலை மறுபடி கட்டவில்லை. 1931-ல் ஆலுவாவிலிருந்து மூணாறுக்குப் புதிய சாலை வந்தது, தேயிலை மேற்கே இறங்கத் தொடங்கியது. டாப் ஸ்டேஷனில் ரோப்வேயின் இடிபாடுகளை இப்போதும் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் பனிமூட்டத்தைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

2007 வாக்கில் பாலக்காடு பக்கம் ஒரு கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். கஞ்சிக்கோட்டுப் பக்கம் பழைய இரும்பை இண்டக்ஷன் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பி உருட்டும் ஆலைகள் நிறைய. அதனால் "ஃபர்னஸ்" என்று ஃபைலில் பார்த்தாலே எங்களுக்கு உருக்கும் உலைதான் ஞாபகம் வரும். கட்டுக்கம்பியும் வேலிக் கம்பியும் செய்த ஒரு சின்ன யூனிட், கயிற்றுக் கம்பி செய்யப்போகிறோம், லாபம் பல மடங்கு என்று டெர்ம் லோன் கேட்டது. திட்ட அறிக்கையில் ஒரே வரி: "வெப்பப் பதப்படுத்தும் உலை, ஒன்று." கொட்டேஷனைப் பார்த்தேன். மார்ஜின் 25 சதவீதம் இருக்கிறதா, ஈடு போதுமா, வட்டியும் தவணையும் கட்ட வருமானம் வருமா என்றெல்லாம் கட்டம் கட்டமாக எழுதினேன். என்ன உலை என்று கேட்கவில்லை. எனக்கு மேலே கையெழுத்துப் போட்ட யாரும் கேட்கவில்லை.

வந்து இறங்கியது குழி உலை. கைமாறிய பழைய சரக்கு, விலை மலிவு. அதில் வெந்த கம்பி மென்மையாக வந்தது. பதத்தைக் கூட்டலாம் என்று அவசரமாக ஆற வைத்துப் பார்த்தார்கள், டையில் படபடவென்று அறுந்தது. அனுப்பிய சரக்கு திரும்பி வந்தது. மூன்று தவணை நின்றது, தொண்ணூறு நாள் ஆனது, கணக்கு வாராக்கடன் ஆனது. முப்பது பேருக்கு மேல் வேலை பார்த்த இடம். சீல் வைக்கப் போன குழுவில் நானும் இருந்தேன். கேட்டோரம் நின்ற கோயமுத்தூர்க்கார மேஸ்திரி ஒருவர் கோபப்படாமல் சொன்னார்: "ஏனுங்க சார், சூடு பண்றது பெரிய காரியமில்லீங்க. ஆத்தறதுலதானுங்க எல்லாமே இருக்குது. நாங்க சொன்னோமுங்க, யாரும் கேக்கலீங்க."

அன்றைக்கு அவர் சொன்னது புரியவில்லை. ஏதோ வேதனையில் பேசுகிறார் என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் பழைய புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மேலே எழுதியிருப்பதெல்லாம் அப்படிப் படித்ததுதான். அந்த மேஸ்திரி ஒரே வரியில் சொன்னது 1854-ன் பேட்டண்ட் என்று புரிய வருடக்கணக்கில் ஆனது. அவரிடம் அப்ரூவலுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் அந்த யூனிட் இன்னும் கட்டுக்கம்பி செய்துகொண்டு, சின்ன லாபத்தில், ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு எந்த ஆலை ஃபைல் வந்தாலும் முதலில் ஷெட்டுக்குள் போய், அங்கே வேலை பார்ப்பவரிடம் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்: "இதுல என்னண்ணே தப்பு நடக்கும்?" பேலன்ஸ் ஷீட்டில் இல்லாத பதில் வரும்.

அப்பத்தா இப்போது இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: கம்பி அத்துப்போகாது அப்பத்தா, அதை ஈயத்தில் ஆத்தியிருக்காங்க. "அந்த ஈயத்துப் பக்கத்துல நின்னது யாருப்பா?" என்று அப்பத்தா கட்டாயம் கேட்டிருக்கும்.